ஃபோமற் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்

"இந்த டிஸ்க்கைப் பாவிக்க முதல் ஃபோமற் செய்யவேண்டும். இப்போது செய்யவா?" ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவினதும் விண்டோஸ் சிலவேளை இப்படியொரு பெட்டியைத் திரையில் காட்டும். அதில் முதல் வசனம் பொய். பொய் என்பது கடுமையான சொல்லாகத் தெரிந்தால் அறியாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினி உண்மையில் சொல்லவேண்டியது, "இதில் எழுதியிருக்கிற முறை எனக்கு விளங்கவில்லை" என்பதுதான். தனக்கு விளங்காததை வெறுமை என்று அது எடுத்துக்கொள்கிறது.

எங்கட வீடுகளுக்குச் சிங்களத்தில் மட்டும் எழுதின அரசாங்கக் கடிதங்கள் வந்திருக்கின்றன. வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதை யாரும் வெறும் தாள் என்று சொல்லி, அதன் மேல் கணக்கு எழுதுவதில்லை. தெரிந்த ஆளைத் தேடிப் போவோம். விண்டோஸுக்கு அந்தளவு பொறுமை இல்லை.

விசயம் இதுதான். ஒரு டிஸ்க்கில் ஃபைல்கள் சும்மா கொட்டிக் கிடப்பதில்லை. எந்த ஃபைல் எங்கே தொடங்குது, எத்தனை துண்டாக இருக்குது, அதன் பெயர் என்ன, எந்த ஃபோல்டருக்குள்ள இருக்குது என்ற பதிவேடு ஒன்று உள்ளே இருக்கும். அந்தப் பதிவேட்டை எழுதுகிற முறையை ஒவ்வொரு கொம்பனியும் தனக்கு ஏற்றபடி செய்துவைத்திருக்கிறது. விண்டோஸின் முறை என்டிஎஃப்எஸ், 1993 இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. அப்பிளின் முறை 1998 இல் இருந்து எச்எஃப்எஸ் பிளஸ், 2017 இல் இருந்து ஏபிஎஃப்எஸ். லினக்ஸ்காரர் பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4. மக் கணினி என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை வாசிக்கும், ஆனால் அதில் எழுதாது. விண்டோஸ் அப்பிளின் இரண்டு முறைகளையும் வாசிக்கவே வாசிக்காது. சிலவேளை டிஸ்க் கொழுவியிருப்பதாகவே காட்டாது, சிலவேளை மேலே சொன்ன அந்தப் பெட்டியைக் காட்டும். லினக்ஸ் ஓரளவு எல்லா வீட்டிலும் சாப்பிடுகிற பிள்ளை. என்டிஎஃப்எஸ்ஸில் எழுதவும் செய்யும்.

இது எங்கட ஊரில் கூடுதலாக நடக்கிறதுக்குக் காரணம் இருக்குது. வெளிநாட்டில் இருக்கிற அண்ணாமாரிடமும் மச்சாள்மாரிடமும் மக்புக். இங்கே வீட்டிலும் கடையிலும் விண்டோஸ். நடுவில் பொதியோடு பொதியாக ஹார்ட் டிஸ்க் வந்து போகிறது.

என்ர பெரியம்மாவின் கதையைச் சொன்னால் விளங்கும். 2009 இல் வன்னியில் இருந்து வெளியில் வந்தபோது அவவிடம் இருந்தது ஒரு உடுப்புப் பை. அல்பங்கள் எல்லாம் அங்கேயே போய்விட்டன. ஆனால் அதற்கு முந்தைய வருசங்களில் கடிதத்தோடு வைத்து அனுப்பின படங்கள் கனடாவில் சொந்தக்காரர் வீடுகளில் இருந்தன. கல்யாண வீடு, சாமத்திய வீடு, முதல் பிறந்தநாள், வேள்வி, கிணத்தடியில் சும்மா நிண்ட படம். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, ரொறன்ரோவில் வீடு வீடாகப் போய் அவற்றை வாங்கி ஸ்கான் பண்ணினார். மூன்று வீடியோக் கசற்றுகளையும் எங்கேயோ கொடுத்து மாற்றி எடுத்தார். பூஞ்சணம் பிடித்திருந்த கசற்றுகளை அதன் பிறகு எறிந்தாயிற்று. லப்டொப்பில் இடம் காணாது என்று எல்லாவற்றையும் ஒரு 1 டிபி டிஸ்க்கில் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் வருசம், இடம், ஆக்களின் பெயர் எழுதி, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த டிஸ்க் மக்கில் ஃபோமற் பண்ணினது. அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

பெரியப்பாவின் திவசத்துக்குப் படம் ஒன்று பெரிசாக அடித்துச் சட்டம் போடவேண்டும் என்று பெரியம்மா டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த பிரிண்ட் கடைக்குப் போனா. கடைப் பெடியன் கொழுவினான். பெட்டி வந்தது.

"அன்ரி, ஃபோமற் பண்ணாமல் திறக்காது எண்டு காட்டுது."

"அப்ப பண்ணும் தம்பி."

பிறகு நான் கேட்டபோது பெரியம்மா சொன்னா, "ஃபோம் நிரப்புற மாதிரி ஏதோ எண்டெல்லோ பிள்ளை நினைச்சன். எங்க போனாலும் முதல்ல ஃபோம் நிரப்பத்தானே சொல்லுறவை." இடம்பெயர்ந்த ஒருவரின் வாழ்க்கையில் எத்தனை ஃபோம் வந்து போயிருக்கும் என்று நினைத்தால் இந்தப் பதிலில் பிழை ஒன்றுமில்லை. பெடியனிலும் நான் பிழை சொல்லமாட்டன். திரை சொன்னதை அவன் செய்தான். ஒரு நிமிசத்துக்குள் அலுவல் முடிந்தது. பிறகு திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒண்டும் இல்லை அன்ரி" என்று சொல்லி டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தான். காசு கூட வாங்கவில்லை.

அந்த ஒரு நிமிசம்தான் எங்களைக் காப்பாற்றியது. விண்டோஸில் இரண்டு வகை ஃபோமற் இருக்குது. குவிக் ஃபோமற் என்றால் பழைய பதிவேட்டுக்குப் பதிலாகப் புதிய வெறும் பதிவேடு ஒன்றை எழுதும், அவ்வளவுதான். படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவை எங்கே என்று சொல்ல ஆள் இருக்காது. குவிக் என்ற அந்தச் சின்னச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டுச் செய்தால், விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ்கள் முழு டிஸ்க்கையும் பூச்சியத்தால் நிரப்பும். 1 டிபிக்கு மணித்தியாலக் கணக்கு எடுக்கும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

டிஸ்க் என்னிடம் வந்தபோது செய்த முதல் வேலை ஒன்றும் செய்யாமல் விட்டதுதான். அதில் ஒரு சின்ன ஃபைலைக்கூட எழுதக்கூடாது. எழுதினால் அது எந்தப் படத்தின் மேல் போய் விழும் என்று தெரியாது. இன்னொரு 1 டிபி டிஸ்க்கைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்றைக் கடன் வாங்கி, லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவியால் அப்படியே அச்சொட்டாக ஒரு பிரதி எடுத்தேன். பிறகு அந்தப் பிரதியில் போட்டோரெக் ஓடவிட்டேன். இலவசம், கிறிஸ்தோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கைத் தொடக்கத்தில் இருந்து கடைசி வரைக்கும் தடவிக்கொண்டு போகும். ஒவ்வொரு வகை ஃபைலும் தனக்கென்று ஒரு தொடக்க அடையாளத்தோடு வரும், ஜேபெக் படம் என்றால் முதல் இரண்டு பைற்றும் எப்போதும் ஒன்றுதான். அந்த அடையாளத்தைக் கண்ட இடத்தில் இருந்து வெட்டி எடுத்து ஒரு ஃபோல்டரில் போடும்.

படங்கள் கிட்டத்தட்ட எல்லாம் வந்தன. பெயர்கள் ஒன்றும் வரவில்லை. பெயர் படத்துக்குள் இருப்பதில்லை, பதிவேட்டில் இருப்பது. அண்ணா இரண்டு வருசமாக இருந்து எழுதின வருசம், இடம், ஆள் எல்லாம் போய், ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கில எஃப் எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீண்ட எண்ணும்தான் பெயராக இருந்தது. படத்துக்குள் இருக்கிற திகதியும் உதவாது. அது ஸ்கான் பண்ணின திகதி. 1987 கல்யாணமும் 1995 பிறந்தநாளும் ஒரே சனிக்கிழமையில் நடந்ததாகக் காட்டும்.

வீடியோக்களில் இரண்டு முழுசாக வந்தன. மூன்றாவது 11 நிமிசம் ஓடி நிற்கிறது. பெரிய ஃபைல்கள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கலாம். முதல் துண்டைக் கண்டுபிடித்த போட்டோரெக்குக்கு அடுத்த துண்டு எங்கே என்று தெரியாது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பின்னேரங்களில் பெரியம்மா என்ர பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பா. நான் படத்தைத் திறப்பன், அவ சொல்லச் சொல்லப் பெயர் எழுதுவன். இது வேகமாக நடக்கிற வேலை இல்லை. ஒரு படத்தில் ஏழு பேர் நின்றால் ஏழு கதை. "உது ஆர், பொறு, கண்ணாடியைத் தா." சிலதில் ஆளைத் தெரியாது, பின்னால் நிற்கிற வேலியைத் தெரியும். ஒரு படத்தில் தன்னையே அடையாளம் காணாமல், "ஆரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை போல" என்று சொல்லிவிட்டு, நான் அடுத்ததுக்குப் போனபிறகு, "திருப்பு, திருப்பு, அது நான்" என்றா. அவவுக்கும் தெரியாததை வட்ஸ்அப்பில் அண்ணாவுக்கு அனுப்புவோம். அவருக்கு அது விடியப்புறம். அவர் எழுதின பெயர்களில் சிலது பிழை என்றும் அப்போதுதான் தெரியவந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார். பெரியம்மா திருத்தினா. இன்னும் 200க்கு மேல் படங்கள் எண்ணோடுதான் கிடக்கின்றன.

இனி அந்த டிஸ்க்கை எந்த முறையில் ஃபோமற் பண்ணுவது என்ற கேள்விக்கு வருவோம். அண்ணாவின் மக், கடையின் விண்டோஸ், என்ர உபுண்டு மூன்றும் அதில் வாசிக்கவும் வேணும், எழுதவும் வேணும்.

கனபேர் முதலில் சொல்லுவது ஃபற்32. 1996 இல் விண்டோஸ் 95 இன் பிந்திய பதிப்போடு வந்த முறை, ரேடியோவில் இருந்து கார் வரைக்கும் எல்லாம் வாசிக்கும். ஆனால் அதில் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிற்றுத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் 4 ஜிபியை எட்டுகிற எந்த ஃபைலும் போகாது. டிஸ்க்கில் 900 ஜிபி இடம் இருக்கும், கல்யாண வீடியோவைப் போட்டால் ஃபைல் பெரிசு என்று சொல்லும். விண்டோஸின் ஃபோமற் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குக்குப் பொதுவாக ஃபற்32 ஐக் காட்டவும் மாட்டாது. அந்த 32 என்ற எண்ணுக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டியை எழுதிய மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர் டேவ் பிளம்மர், 1994 இன் கடைசியில் ஒரு காலமை, வடிவான ஒன்று வரும்வரைக்கும் கிடக்கட்டும் என்று செய்ததாகவும், எல்லையைத் தானே தீர்மானித்ததாகவும் பிறகு சொல்லியிருக்கிறார். தற்காலிகம் என்று போட்ட கொட்டில் முப்பது வருசம் நின்றுவிட்டது. எங்களுக்கும் அப்படிப்பட்ட கொட்டில்களைத் தெரியும்.

மிச்சம் இருக்கிறது எக்ஸ்ஃபற். 2006 இல் மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்தது. மக் 2010 இல் இருந்து வாசிக்கும், எழுதும். லினக்ஸுக்கு மட்டும் கனகாலம் உரிமப் பிரச்சினை இருந்தது. 2019 இல் மைக்ரோசொஃப்ட் அதன் விபரக்குறிப்பை வெளியில் விட்டபிறகு அதுவும் தீர்ந்தது. 4 ஜிபி தடை இல்லை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கமெரா மெமறிக் கார்டுகளும் இதே முறையில்தான் வருகின்றன. எங்கட அரசியலமைப்பில் 1987 இன் 13ஆவது திருத்தத்தோடு ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிற இடம் இணைப்பு மொழி. டிஸ்க்குகளுக்குள் எக்ஸ்ஃபற்றின் இடமும் அதுதான். மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது தாய்மொழி இல்லை, மூன்று பேரும் சமாளிப்பார்கள், சில நுணுக்கங்கள் அதில் சொல்லுப்படாது. லினக்ஸ்காரரின் ஃபைல் அனுமதிகள் அதில் தங்காது, உதாரணத்துக்கு. படமும் வீடியோவும் வைக்கிற ஆக்களுக்கு அது ஒரு நட்டம் இல்லை.

செய்யிற விதம் லேசு. டிஸ்க்கில் இருக்கிற எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணி, கொப்பி பண்ணினதில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸில் டிஸ்க்கில் வலது கிளிக், ஃபோமற், ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபற். மக்கில் டிஸ்க் யூட்டிலிற்றிக்குள் போய், வியூவில் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லி, மேலே இருக்கிற டிஸ்க்கின் பெயரைத் தெரிவுசெய்து இரேஸ். முறைக்கு எக்ஸ்ஃபற், ஸ்கீமுக்கு ஜியூஐடி. கீழே இருக்கிற துண்டை மட்டும் தெரிவுசெய்தால் ஸ்கீம் கேட்காது, கனபேர் தடுமாறுகிற இடம் இது. உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்ற செயலியில் செய்யலாம். மக்கில் ஃபோமற் பண்ணின டிஸ்க் விண்டோஸில் தெரியவே இல்லையென்றால் டிஸ்க் மனேஜ்மென்ற்றுக்குள் போகவேண்டிவரும். அங்கே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக நிற்கும். ஒன்றில் உங்கட விண்டோஸே இருக்குது. அளவைப் பார்த்து எது எது என்று நிச்சயப்படுத்தாமல் ஒன்றையும் அழிக்காதீர்கள். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் பயப்படவேண்டாம். கொம்பனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுது.

பிறகு மக்கில் கொழுவி விண்டோஸுக்குக் கொண்டுவந்தால், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் போட்ட ஃபைல்கள் படங்களோடு படங்களாகக் கிடக்கும். வைரஸ் இல்லை. மக் தன்ர குறிப்புகளை எழுதிவைக்க எக்ஸ்ஃபற்றில் இடம் இல்லாததால் தனி ஃபைலாக எழுதுது. ஒவ்வொன்றும் சில கிலோபைற்றுத்தான், ஆனால் விண்டோஸில் எக்ஸ்ஃபற் பண்ணின பெரிய டிஸ்க் வழமையாக 128 கிலோபைற் பெட்டிகளாகத்தான் இடம் ஒதுக்கும். ஆயிரம் குறிப்பு என்றால் 125 எம்பி. விண்டோஸில் இருந்து அழித்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற இரண்டு வில்லங்கங்களும் இருக்குது. நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். எக்ஸ்ஃபற்றிலும் என்டிஎஃப்எஸ்ஸிலும் ஒரு பெயர் 255 குறியீடு வரைக்கும் போகலாம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 இல் எல்லை 255 பைற். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைற் வேணும், அப்படியென்றால் 85 தான். புள்ளியும் தனி, காலும் தனி. அம்மம்மா என்ற ஐந்து எழுத்துக்கு 8 குறியீடு, 24 பைற். ஏழு பேரின் பெயரையும் ஊரையும் வருசத்தையும் ஒரே பெயரில் எழுதின படங்கள் என்ர உபுண்டுவுக்குக் கொப்பியாகவில்லை. இப்போது ஃபைலுக்குச் சின்னப் பெயர், ஆக்களின் விபரம் தனியாக ஒரு அட்டவணையில். அந்த அட்டவணையை மூன்று இடத்தில் வைத்திருக்கிறோம். பெயர்கள் இன்னொருக்கா போனால் சொல்ல எல்லாரும் இருப்பார்கள் என்று இல்லை.

இரண்டாவது, "கொ" என்ற எழுத்து. யுனிகோட்டில் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு வேறு கால் வேறாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். மக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் எப்போதும் பிரித்துத்தான் வைக்கும். அங்கே கட்டின ஸிப்பை லினக்ஸில் பிரித்தால், கொக்குவில் என்ற பெயரில் ஏற்கனவே ஒரு ஃபோல்டர் இருக்க, இன்னொரு கொக்குவிலும் வந்து நிற்கும். தட்டித் தேடினால் ஒன்றுதான் அகப்படும். கோண்டாவிலுக்கும் இதே கதி. ஃபோல்டர் பெயர்களில் ஊரை எழுதாமல் எண்களைப் போட்டுத் தப்பினோம்.

எக்ஸ்ஃபற்றின் பெரிய குறை கடைசியாகச் சொல்லுறன். என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 போன்றவை ஒரு மாற்றம் செய்ய முதல், என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செய்யும். நடுவில் கரண்ட் போனால் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிப்படுத்தும். எக்ஸ்ஃபற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கொப்பியாகிக்கொண்டிருக்கும்போது வயரை இழுத்தால் பதிவேடு அரைகுறையில் நிற்கும். ஆகவே எஜெக்ட் கொடுத்து, கழற்றலாம் என்று சொன்னபிறகு கழற்றுங்கள். மழை இருட்டின நேரத்தில் டெஸ்க்டொப்பில் பெரிய கொப்பி தொடங்கவேண்டாம். எந்த முறையில் ஃபோமற் பண்ணினாலும் கீழே விழுந்த டிஸ்க் விழுந்ததுதான், அதனால் இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று பெரியம்மாவின் அலுமாரியில், ஒன்று ரொறன்ரோவில். அலுமாரியில் இருக்கிறதன் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்குது. "இது எக்ஸ்ஃபற். ஃபோமற் கேட்டால் வேண்டாம் என்று கொடுத்துவிட்டு எனக்கு அடிக்கவும்." கீழே என்ர நம்பர்.

பெரியம்மாவின் டிவிதான் இன்னும் ஒத்துவரவில்லை. எக்ஸ்ஃபற்றை அது அடையாளமே காணாது. அதற்கென்று தனியாக ஒரு 32 ஜிபி பென் ட்ரைவ், ஃபற்32. கல்யாண வீடியோவை 4 ஜிபிக்குக் கீழே வருகிறமாதிரி இரண்டாக வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். தாலி கட்டுகிறது முதல் பகுதியில் வரவேணும் என்பது அவவின் ஒரே நிபந்தனை.